பெட்டியில் எச்டி, வீட்டில் மங்கல்
மலையகத் தோட்டங்களுக்குப் புதிய தொலைக்காட்சி வருகிறது, விளக்கம் வருவதில்லை

ஒரு மாத உழைப்பைக் கொட்டி வாங்கும் டிவியில் கடையில் கண்ட படம் ஏன் தெரிவதில்லை? எதைக் கேட்டு வாங்க வேண்டும்? நாடு டிஜிட்டலுக்கு மாறும் நாளில் லயத்து வீடுகளின் கதி என்ன? ஒரு சிறப்புப் பார்வை.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் மலையக நகரங்களின் மின்சாதனக் கடைகளில் கூட்டம் சேரும். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பெரிய திரைகளைக் கடை வாசலிலேயே ஓட விட்டிருப்பார்கள். கடலுக்கடியில் நீந்தும் மீனின் செதிலைக்கூட எண்ணிவிடலாம் போலிருக்கும். பெட்டிகளின் மேல் ‘எச்டி ரெடி’, ‘ஃபுல் எச்டி’, ‘4கே’, ‘ஸ்மார்ட்’ என்று பல பெயர்கள். அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்பதைத் தமிழில் பொறுமையாகச் சொல்பவர்கள் குறைவு. விலையையும் தவணையையும் மட்டும் கேட்டறிந்து, பெட்டியை ஓட்டோவில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டு போகிறார்கள்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பழைய டிஷ் பொக்ஸை, அதே மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரால் புதிய டிவியில் மாட்டுகிறார்கள். படம் வருகிறது. ஆனால் கடையில் கண்ட படம் வரவில்லை. முகங்கள் அகலமாகத் தெரிகின்றன. எழுத்துகளின் ஓரம் கலங்கியிருக்கிறது. பழைய டிவியே தேவலை என்று தோன்றிவிடுகிறது. டிவி பழுதென்று கடைக்குத் திருப்பித் தூக்கிச் செல்பவர்களும் உண்டு, ஏமாந்துவிட்டோம் என்று பேசாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு.

டிவியும் பழுதில்லை, பொக்ஸும் பழுதில்லை. வாங்கும்போது சொல்லப்படாமல் போன ஒரு செய்திதான் குறை. துல்லியப் படம் திரையில் மட்டும் இருந்து வருவதில்லை. ஒளிபரப்பு, பொக்ஸ், வயர், திரை ஆகிய நான்கும் எச்டியாக இருந்தால்தான் கண்ணுக்கு எச்டி. பீலியில் கலங்கல் தண்ணீர் வந்தால் குடம் புதிதாக இருந்து என்ன பயன்?

இந்தச் சிறிய உண்மை தெரியாமல் போவதன் விலை தோட்டத்தில் பெரிது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், ஒரு நாளும் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் 25 நாள் மலையேறினால் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போக 31,050. கடைக் கடன், சங்கச் சந்தா எல்லாம் இதற்குள்தான். இந்தப் பணத்தில் இருந்து தவணை கட்டி வாங்கும் பொருளைப் பற்றி முழுதாக அறிந்துகொள்ளும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அதைத் தாய்மொழியில் சொல்லும் கடமை விற்பவருக்கும் அரசுக்கும் உண்டு.

எண்களில் ஒளிந்திருக்கும் உண்மை

டிவி படம் என்பது புள்ளிகளின் அடுக்கு. பழைய முறையில் வரும் சாதாரண ஒளிபரப்பில் 576 வரிகள், டிஜிட்டல் கணக்கில் வரிக்கு 720 புள்ளிகள். மொத்தம் சுமார் 4 இலட்சத்து 15 ஆயிரம். எச்டியின் முதல் படி 1280க்கு 720, அதாவது 9 இலட்சத்து 21 ஆயிரத்துக்கும் மேல். ஃபுல் எச்டி என்பது 1920க்கு 1080, ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம். 4கே அதைப் போல் நான்கு மடங்கு.

‘எச்டி ரெடி’ என்ற பெயர் ஐரோப்பாவில் 2005இல் வந்தது. குறைந்தது 720 வரிகளைக் காட்டக்கூடிய திரையும், எச்டி படத்தை உள்வாங்கும் இணைப்புகளும் இருந்தால் அந்த முத்திரையை ஒட்டலாம் என்று உற்பத்தியாளர் சங்கம் விதி வகுத்தது. எச்டி படம் வந்தால் காட்டுவதற்கு இந்த டிவி தயார் என்பதே அதன் பொருள். டிவிக்குள்ளேயே எச்டி படம் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட எச்டி டிவியை வாங்கி, பழைய இணைப்பிலேயே சாதாரணப் படம் பார்த்துக்கொண்டு அதை எச்டி என்று நம்பியிருந்த வீடுகள் ஏராளம். படித்த நாடு, படிக்காத தோட்டம் என்ற பேதம் இந்தக் குழப்பத்தில் கிடையாது. அங்கே கேட்டறிய உதவி மையங்கள் இருந்தன என்பதுதான் வேறுபாடு.

கடைகளில் கிடைக்கும் 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை 1366க்கு 768 புள்ளி கொண்டவை. அவை எச்டி ரெடி வகை. அவற்றில் ‘ஃபுல் எச்டி படம் ஓடும்’ என்று சொல்லி விற்றால் அது பாதி உண்மை. படம் ஓடும், ஆனால் திரையில் உள்ள புள்ளிகளுக்கு ஏற்பச் சுருங்கித்தான் ஓடும்.

பீதுருதாலகாலையின் நிழலில்

இந்த நாட்டின் தொலைக்காட்சி வரலாறு மலையகத்தை விட்டு எழுத முடியாதது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. நாடு முழுவதும் படம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அதன் ஒளிபரப்பு நிலையத்தை 2,524 மீட்டர் உயரமான பீதுருதாலகாலை உச்சியில் அமைத்தார்கள். நுவரெலியா நகரில் நின்று அண்ணாந்தால் தெரியும் மலை அது.

மலையுச்சியில் இருந்து புறப்படும் அலை தொலைவில் உள்ள சமவெளிக்கு நேராகப் போய்விடும். அடிவாரத்துப் பள்ளத்தாக்கில், ஒரு மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிய லயத்துக்கு மட்டும் அது சரியாக வராது. மின்சாரம் எட்டாத காலத்தில் கார் பெற்றரியில் கறுப்பு வெள்ளை டிவி ஓட்டியவர்கள், மூங்கிலில் அன்டனாவைக் கட்டித் திருப்பித் திருப்பிப் புள்ளியும் நிழலும் கலந்த படத்தைப் பார்த்தார்கள். அதிலும் தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். 1998இல் சக்தி டிவியும் 2009இல் வசந்தமும் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியது.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது டிஷ். 2007 முதல் டயலொக் டிவி உள்நாட்டில் செய்மதிச் சேவை தந்தது. அதே ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் சன் டைரக்ட் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக டாடா ஸ்கை, ஏர்டெல் முதலியனவும் இந்தியாவில் வந்தன. செய்மதி அலை மேலிருந்து இறங்குவதால் முன்னால் நிற்கும் மேடு அதற்குப் பெரிய தடையில்லை. தமிழ்ச் சேனல்கள் இரவும் பகலும் ஓடின. பக்கத்து நாட்டுக்காக அனுப்பப்பட்ட அலை இங்கும் விழுந்ததால் இந்திய பொக்ஸ்களும் கார்டுகளும் கடல் கடந்து வந்தன. இன்று லயத்துக் கூரைகளில் வரிசையாக நிற்கும் டிஷ்களுக்குப் பின்னால் இந்த இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

இந்திய பொக்ஸ் வைத்திருப்பவர்களைக் குறை கூறுவது எளிது. தம் மொழியில் பொழுதுபோக்கும் படமும் வேண்டும் என்ற நியாயமான ஆசையை உள்நாட்டு ஒளிபரப்பு நீண்டகாலம் நிறைவேற்றவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. அந்தச் சேவைகள் இந்தியாவுக்குள் பார்ப்பதற்கே உரிமம் பெற்றவை. இங்கே கோளாறு வந்தால் முறைப்பாடு செய்ய இடமில்லை. கணக்கு யாரோ ஒருவரின் இந்திய முகவரியில் இருக்கிறது, ரீசார்ஜ் யாரோ ஒருவரின் கையில் இருக்கிறது.

சேனல் எண்ணும் பக்கேஜும்

சன் டிவி தன் எச்டி சேனலை 2011 டிசம்பரில் தொடங்கியது. ஒரே நிகழ்ச்சி இரண்டு சேனல்களாக ஓடத் தொடங்கிய காலம் அது. சாதாரணப் படத்துக்கு ஓர் எண், எச்டிக்கு வேறோர் எண். எச்டி பொக்ஸ், எச்டி டிவி, உரிய வயர் எல்லாம் இருந்தும், பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்திச் சாதாரணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. எச்டி எண்ணை அழுத்தினால் ‘சந்தா இல்லை’ என்று திரை சொல்லும். பொக்ஸ் எச்டியாக இருந்தாலும் பக்கேஜ் சாதாரணமாக இருந்தால் அப்படித்தான்.

2019 பெப்ரவரியில் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. அடிப்படைக் கட்டணத்துக்கு 100 சாதாரணச் சேனல்கள், அதில் ஒரு எச்டி சேனல் இரண்டு சாதாரணச் சேனலாகக் கணக்கிடப்படும், கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இந்தியச் சந்தாதாரருக்கே தலைசுற்றிய ஏற்பாடு இது. அங்கே விளக்கம் கேட்க ஓர் அழைப்பு மையமாவது இருந்தது. இங்கே இந்திய கார்டு வைத்திருந்தவர்களுக்கு, பார்த்துக்கொண்டிருந்த சேனல் ஏன் நின்றது என்று சொல்லவே ஆளில்லை.

அடுத்த அடி 2022இல் விழுந்தது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. இந்திய ரூபாயில் கட்டும் ரீசார்ஜும் அதோடு சேர்ந்து ஏறியது. எச்டிக்கென்று கூடுதலாகக் கட்டியவர்கள் முதலில் கைவிட்டது அதைத்தான்.

மழை வந்தால் படம் ஏன் போகிறது?

அனலொக் படம் மெல்ல மெல்லக் கெடும். அலை குறையக் குறையப் புள்ளி கூடும், ஆனாலும் ஏதோ ஓர் உருவம் தெரியும். டிஜிட்டல் அப்படிக் கெடுவதில்லை. அலை போதுமான அளவு இருக்கும்வரை முழுப்படம், எல்லைக்குக் கீழே போனதும் சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு வெறுந்திரை. வீட்டு டிஷ்கள் வாங்கும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவே. பெருமழையின் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் பெய்யும் அடைமழையில் இது அடிக்கடி நடக்கும்.

இது தெரியாதவர்கள் பொக்ஸ் பழுதென்று நினைத்து ஆளை வரவழைத்துக் காசு கொடுக்கிறார்கள். மழை நின்று அரை மணி நேரத்தில் படம் தானாக வந்தால் பழுது எதுவும் இல்லை. வெயில் நாளிலும் உடைந்தால்தான் டிஷ் அசைந்ததா, வயர் முனையில் ஈரம் புகுந்ததா என்று பார்க்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எவ்வளவு திரை?

பழைய லயத்துக் காம்பரா சுமார் 10 அடிக்கு 12 அடி. டிவிக்கும் உட்காரும் இடத்துக்கும் இடையே ஆறு முதல் எட்டு அடிதான் இருக்கும். இந்த அளவை வைத்தே எந்த டிவி போதும் என்று சொல்லிவிடலாம்.

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். 32 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். அதில் 720 வரிகளை முழுதாகப் பிரித்துப் பார்க்க ஆறே கால் அடிக்குள் உட்கார வேண்டும். 1080 வரிகளுக்கு நான்கு அடி. 43 அங்குல 4கே திரையின் முழுத் துல்லியத்தைக் காண மூன்று அடிக்கும் நெருக்கமாகப் போக வேண்டும். அப்படி யாரும் டிவி பார்ப்பதில்லை.

ஆகவே லயத்து அறையில் 32 அங்குல எச்டி ரெடி டிவியே போதும். அதே அளவில் ஃபுல் எச்டிக்கோ, 4கேக்கோ கூடுதல் பணம் கொடுப்பதால் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. மிச்சப்படும் பணத்தை எச்டி பொக்ஸுக்கும் நல்ல வயருக்கும் செலவிட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

‘ஸ்மார்ட்’ என்ற பெயருக்கும் யோசித்தே பணம் கொடுக்க வேண்டும். இணைய இணைப்பு இருந்தால்தான் அதற்குப் பயன். ஒரு மணி நேர எச்டி படத்துக்கு 3 ஜிபி வரை டேட்டா செலவாகும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே தன் வாடிக்கையாளருக்குச் சொல்கிறது. கைத்தொலைபேசி டேட்டாவைப் பகிர்ந்து டிவியில் படம் பார்க்கும் வீட்டில் ஒரே இரவில் பக்கேஜ் தீர்ந்துவிடும்.

எந்த டிஜிட்டல்?

இதுவரை சொன்னவை இன்றைய குழப்பங்கள். இவற்றைவிடப் பெரிய ஒன்று வாசலில் நிற்கிறது.

இலங்கையில் சாதாரண அன்டனாவுக்கு வரும் ஒளிபரப்பு இன்னும் அனலொக் முறையிலேயே இருக்கிறது. அன்டனாவை மட்டும் நம்பி எவ்வளவு விலையுயர்ந்த டிவியை வாங்கினாலும் அதில் எச்டி வராது. இதை டிஜிட்டலுக்கு மாற்றும் திட்டம் பல ஆண்டுகளாக இழுபடுகிறது. முதலில் ஐரோப்பிய முறையான டிவிபி-டி2 பற்றிப் பேசினார்கள். 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை அரசு தெரிவு செய்தது. ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்பு வந்த அந்த ஆண்டு செப்டெம்பரில், இதற்கென 1,371 கோடி யென்னுக்கும் மேற்பட்ட கடனுக்கு இணக்கம் ஏற்பட்டது. இன்னொரு பக்கம் சீனக் கடனில் ஒளிபரப்புக்கென 350 மீட்டருக்கும் உயரமான தாமரைக் கோபுரம் கொழும்பில் எழுந்தது. அது 2022 செப்டெம்பரில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, முடிவுகள் தள்ளிப்போயின. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது ஜப்பானியக் கடன் திட்டங்களும் நின்றன. 2024 ஜூலையில் மீண்டும் தொடங்க ஜப்பான் இணங்கிய திட்டங்களின் பட்டியலில் தொலைக்காட்சி டிஜிட்டல்மயமும் இருந்தது.

இந்த இழுபறிக்கும் லயத்து வீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஐரோப்பிய, ஜப்பானிய முறைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இந்தியச் சந்தைக்கோ ஐரோப்பியச் சந்தைக்கோ செய்யப்பட்ட டிவியில் ‘டிஜிட்டல் டியூனர்’ இருக்கிறது என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது டிவிபி-டி2 டியூனராக மட்டும் இருந்தால், இலங்கையின் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கும் நாளில் அந்த டிவி அன்டனாவில் எதையும் காட்டாது. தனியாக ஒரு பொக்ஸ் வாங்க வேண்டியிருக்கும். ஐந்தாறு ஆண்டு உழைக்கும் என்று நம்பி இன்று டிவி வாங்குகிறவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது அநீதி.

மற்ற நாடுகள் செய்தது என்ன?

அமெரிக்கா 2009 பெப்ரவரி 17ஆம் திகதி அனலொக்கை நிறுத்துவதாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டொலர் பற்றுச்சீட்டு கொடுத்தது. விண்ணப்பங்கள் குவிந்து நிதி போதாமல் போனதால், காத்திருந்தவர்களை எண்ணி நிறுத்தத்தை ஜூன் 12ஆம் திகதிக்குத் தள்ளிப்போட்டது. பிரித்தானியா 2012 வரை பகுதி பகுதியாக மாறியது. 75 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கருவியைப் பொருத்திக் கொடுத்தது.

நமக்கு மிக நெருக்கமான பாடம் பிரேசிலில் இருக்கிறது. ஜப்பானிய முறையின் வழிவந்த முறையே அங்கும். ஏழைக் குடும்பங்களுக்கான போல்சா ஃபமிலியா உதவித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அன்டனாவும் பொக்ஸும் இலவசமாகவே போய்ச் சேர்ந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பயன் பெற்றன. பணத்தை யார் கொடுத்தார்கள்? அனலொக் டிவி காலி செய்யும் அலைவரிசையைக் கைத்தொலைபேசிச் சேவைக்காக ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் கொடுத்தன. அது ஏல நிபந்தனை. ஒரு பகுதியில் 93 சதவீத வீடுகள் தயாராகும்வரை அனலொக்கை நிறுத்தக் கூடாது என்றும் விதி வைத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் கேபிள் டிஜிட்டலாக மாறியபோது அரசு கேபிள் நிறுவனம் 2017இல் சந்தாதாரருக்கு செட்டொப் பொக்ஸை இலவசமாகக் கொடுத்தது. அலைவரிசை பொதுச் சொத்து. அதை விற்று வரும் பணத்தில் ஒரு பங்கு, அதை விட்டுக்கொடுக்கும் ஏழை வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் எந்தச் சலுகையும் இல்லை, நியாயமே இருக்கிறது.

படத் தெளிவைத் தாண்டி

தொடர் நாடகம் சற்று மங்கலாகத் தெரிந்தால் குடி மூழ்கிவிடாது. ஆனால் இந்திய டிஷ்ஷை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் இலங்கைச் சேனல் எதுவும் தெரிவதில்லை. பழைய அன்டனா எப்போதோ கழன்றுவிட்டது. 2020இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அரச தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தினார்கள். சென்னையின் மழை நிலவரத்தைப் பார்க்கக்கூடிய வீட்டில், தன் பிள்ளைக்கான பாடத்தைப் பார்க்க வழியில்லாத நிலை இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மண்சரிவு அபாயப் பகுதிகளிலேயே பல லயங்கள் நிற்கின்றன. அங்கே உரிய நேரத்தில், உரிய மொழியில் போய்ச் சேரும் எச்சரிக்கை உயிரைக் காக்கும்.

ஜப்பானிய முறையில் இதற்கென ஒரு வசதியே இருக்கிறது. நில நடுக்கமும் ஆழிப்பேரலையும் கண்ட நாடு என்பதால், அவசர எச்சரிக்கைச் சமிக்ஞையை ஒளிபரப்போடு சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டை அவர்கள் வடிவமைத்தார்கள். அதற்கேற்ற கருவி காத்திருப்பு நிலையில் இருந்தாலும் தானாக விழித்து எச்சரிக்கும். மலையகத்துக்கு டிஜிட்டல் ஒளிபரப்பு வருவதானால் அந்த வசதியுள்ள கருவி வர வேண்டும், எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும், பீதுருதாலகாலையின் அலை எட்டாத பள்ளத்தாக்குகளுக்குச் சிறிய மறு ஒளிபரப்பு நிலையங்கள் வேண்டும். கொழும்புக் கோபுரத்தின் உயரத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஒரு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் லயத்துக்கு அலை போகிறதா என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

டிவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

• திரையில் எத்தனை புள்ளி? 1366க்கு 768ஆ, 1920க்கு 1080ஆ? பெட்டியில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

• இப்போது வீட்டில் இருக்கும் பொக்ஸ் எச்டியா? அதன் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா? மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் எச்டி ஒருபோதும் வராது. எச்டிஎம்ஐ வயர் ஒன்றே படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுவரும்.

• பக்கேஜில் எச்டி சேனல் உண்டா? அதன் எண் என்ன? பொக்ஸின் அமைப்பில் பட அளவு 720 அல்லது 1080 என்று வைக்கப்பட்டிருக்கிறதா?

• முகம் அகன்று தெரிந்தால் ரிமோட்டில் பட வடிவத்தை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3க்கு மாற்றுங்கள். பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுப்பதால் வரும் கோளாறு அது.

• டிஜிட்டல் டியூனர் என்றால் எது? ஐஎஸ்டிபி-டி உண்டா? விற்பவரிடம் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

• தவணை எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு? ரொக்க விலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

• உத்தரவாதச் சீட்டில் திகதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா? பழுதானால் கொண்டுவர வேண்டிய இடம் எது?

• கடையில் ஓடும் மாதிரிப் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சாதாரணச் சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்கப் போவது அதைத்தான்.

• பொய்யான விளக்கம் கொடுத்து விற்றிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். பற்றுச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவர்கள்

நுகர்வோர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பாரத்தை முழுவதும் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட முடியாது. பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) காலையில் போய் மாலையில் மலை இறங்கும் ஒருவர், தொழில்நுட்பக் கையேட்டை ஆங்கிலத்தில் படித்துத் தெளிவார் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் விற்கப்படும் டிவியின் முக்கிய விவரங்களும் உத்தரவாத நிபந்தனைகளும் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது உரிமைக் குரல்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஐஎஸ்டிபி-டி டியூனர் உள்ள டிவிகளுக்கு எளிதில் அடையாளம் காணும் ஒரு முத்திரையை மூன்று மொழிகளிலும் கொண்டுவர வேண்டும். அது இல்லாத டிவிகளில், டிஜிட்டல் ஒளிபரப்புக்குத் தனிக் கருவி தேவை என்ற அறிவிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். அனலொக் நிறுத்தப்படும் திகதியை அறிவிக்கும் முன், தோட்டக் குடும்பங்களுக்கான இலவசக் கருவிக்கு நிதி ஒதுக்க வேண்டும். பிரேசில் காட்டிய வழி கண்முன் இருக்கிறது.

சம்பளத்துக்காகவும் காணிக்காகவும் வீட்டுக்காகவும் பேசும் மலையகத் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதையும் தங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். தீபாவளி முற்பணம் எவ்வளவு என்று பேசும் அதே மேசையில், அந்தப் பணத்தில் என்ன வாங்கப்படுகிறது, அதை விற்பவர் உண்மையைச் சொல்கிறாரா என்பதும் பேசப்பட வேண்டும். தோட்டத்து இளைஞர்களில் டிஷ் பொருத்தத் தெரிந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தால், மாற்றம் வரும் நாளில் ஒவ்வொரு தோட்டத்திலும் விளக்கம் சொல்ல ஓர் ஆள் இருப்பார். அவர்களுக்கும் அது தொழிலாகும்.

டிஜிட்டல் ஒளிபரப்புக்கான காலம் தள்ளிப்போயிருப்பதால் நமக்குக் கிடைத்த ஒரே நன்மை, தயாராக இன்னும் நேரம் இருக்கிறது என்பதுதான். அந்த நேரத்தை வீணாக்கினால், இன்று தவணை கட்டும் டிவிக்கே நாளை இன்னொரு பெட்டிக்கும் தவணை கட்ட வேண்டியவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். ஆணைக்குழு முத்திரையை இந்த ஆண்டே வெளியிடட்டும். அடுத்த தீபாவளிக்கு முன் அது மலையகக் கடைகளில் தெரியட்டும்.